எழுத்தில் மூத்தவன்

பேர்தோல்ட் என்கிற டியூக்கைச் சாகடிப்பதுதான் துஷாந்தனின் வேலை. வெயில் காலமென்றால் ஒரே நாளில் பல தடவை சாகடிப்பான். தூன் நகரத்துக் கோட்டையின் பெரிய மண்டபத்தில் சுற்றுலாக்காரர்களை நிறுத்திவைத்து ஜெர்மன் மொழியில் கதையைத் தொடங்குவான். எண்ணூறு வருடங்களுக்கு முன் இந்தக் கோட்டையைக் கட்டியவன், அந்தப் பக்கம் பேர்ண் நகரத்தை உண்டாக்கியவன், ஸேரிங்கர் குலத்தின் ஐந்தாவது பேர்தோல்ட். ஊர்களும் கோட்டைகளும் கைநிறைய வைத்திருந்தவனுக்குக் கடைசியில் இல்லாமற்போனது ஒரு மகன். பிள்ளைகளுக்கு யாரோ நஞ்சு வைத்தார்கள் என்று ஒரு பழங்கதை இருக்கிறது. மெய்யோ பொய்யோ, கண்டவர் இல்லை. அவன் கண்ணை மூடியதும் குலமும் முடிந்தது. சகோதரிமாரைக் கட்டியவர்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்கள். பேர்ண் மட்டும் யாருடைய கையிலும் அகப்படாமல் சக்கரவர்த்தியின் நேரடி ஆளுகைக்குப் போய்த் தப்பிக்கொண்டது.

இந்த இடத்தில் இரண்டு மூன்று பேர் பரிதாபப்பட்டு 'அச்சோ' என்பார்கள். மற்றவர்கள் போனை எடுத்து ஏரியைப் படம் பிடிப்பார்கள். துஷாந்தனுக்கு அதில் கோபம் இல்லை. டியூக்கைப் பார்ப்பதை விட ஏரியைப் பார்ப்பது கண்ணுக்கு நல்லது என்பது அவனுடைய கருத்தும்தான்.

அவன் சரித்திரம் படித்தவன் அல்ல. கட்டடம் பராமரிக்கிற தொழிலைப் பழகி, கோட்டையில் கதவு பூட்டவும் பனி தள்ளவும் சூடாக்கியைக் கவனிக்கவும் என்று வேலைக்குச் சேர்ந்தவன். சுற்றிக் காட்டுகிறவர்களில் ஒரு பெண்மணி பிள்ளைப்பேற்றுக்குப் போன வருடம் ஆள் தட்டுப்பாடு வந்தது. "உனக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் தெரியுமே, கதையையும் பாடமாக்கு" என்றார்கள். பாடமாக்கினான். பொய்யைப் பிசகாமல் பாடமாக்கி ஒப்புவித்துப் பழகிய பிள்ளைக்கு மெய்யைப் பாடமாக்குவது என்ன பெரிய காரியம்.

அவனுடைய அப்பா சிவலிங்கம் ஒருநாள் கோட்டை பார்க்க வந்தார். பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில் முப்பது வருடத்துக்கு மேல் தட்டுக் கழுவிய மனிதர். கோட்டையைப் பார்க்க ஒரு ஞாயிறுகூட ஒதுங்காமல் ஓய்வு எடுத்த பிறகுதான் வந்தார். மகன் ஜெர்மனில் சொல்லுவதைக் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டார். முடிந்ததும் கிட்டே வந்து காதுக்குள் கேட்டார்.

"அந்த டியூக்குக்குத் தமையன் தம்பி ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

"இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை அப்பா. இவருக்குப் பிள்ளை இல்லை."

"இல்லை, தமையன்ர பிள்ளை ஒண்டைத் தன்ர பிள்ளை எண்டு எழுதி விட்டிருக்கலாமே? குலம் அழிஞ்சிராது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு வந்தது. கோட்டையின் கல்மண்டபத்தில் அப்படிச் சிரிக்கக்கூடாது, சிரித்தார்கள். சிவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விசர் டியூக்" என்றார்.

சிரித்ததற்குக் காரணம் இதுதான். துஷாந்தன் சிவலிங்கத்தின் மகன் அல்ல. அவருடைய தமையன் இராஜசிங்கத்தின் மகன்.

இராஜசிங்கம் கோண்டாவிலில் ஒருநாள் காலமை சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. கூட்டிக்கொண்டு போனது யாரென்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி அதற்கு முந்தின வருடமே ஷெல் விழுந்து செத்துப்போயிருந்தாள். பிள்ளை, சிற்றப்பனின் மனைவி சிவகலாவிடம் வந்து சேர்ந்தது. சிவலிங்கம் அப்போது பேர்ணில் அகதி முகாமில் இருந்தார். மனைவியைக் கூப்பிட அனுமதி கிடைத்தபோது அவர் யோசித்தது அதிகம் இல்லை. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம் என்றால், பிள்ளை ஒன்று இருக்கிறதுதானே. தன் பெயரைத் தகப்பன் என்று போட்டு ஊரில் பிறப்புப் பத்திரம் எடுப்பித்தார். அந்தக் காலத்தில் இப்படி வந்த பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எங்களுடைய ஆட்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த பொய். அதில் குற்றம் சொல்ல வருகிறவன் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்திருந்திருக்கவேண்டும்.

ஊரிலிருந்து படகில் கிளாலிக் கடலால் வந்து, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது சிவகலா பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஆறு வயதுப் பிள்ளை.

"உன்ர அப்பான்ர பேர் என்ன?"

"சிவலிங்கம்."

"நான் ஆர்?"

"சின்னம்மா."

பளாரென்று கன்னத்தில் விழும். பிறகு அவளே கட்டிப்பிடித்து அழுவாள். "அம்மா எண்டு சொல்லு ராசா. சின்னம்மா எண்டு சொன்னியெண்டால் அவங்கள் உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

சூரிச் விமான நிலையத்தில் நீலச்சட்டை அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளை 'அப்பா' என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் முன்பின் ஞாபகமில்லாத ஒரு மனிதனின் காலைக் கட்டிப்பிடித்தது. அந்த மனிதனுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிள்ளை கேட்டது: "இனிச் சித்தப்பா எண்டு சொல்லலாமோ?"

"வேண்டாம்" என்றார் சிவலிங்கம். "இனி எப்பவும் அப்பாதான்."

அவர் அந்தச் சொல்லில் நின்றார். சிவகலாவுக்கு அது முடியவில்லை. மூன்று வருடம் கழித்து அவளுடைய வயிற்றில் அபிசன் பிறந்ததும், வீட்டுக்குள் 'அம்மா' என்று துஷாந்தன் கூப்பிட்டால் அவளுக்குத் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சொந்தக்காரர் வந்திருந்தால், "சின்னம்மா எண்டே சொல்லு, இஞ்ச ஆருக்குப் பயம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆகவே பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் டொக்டரிடத்திலும் அம்மா, வீட்டுக்குள் சின்னம்மா. பெடியன் அதற்கும் பழகிக்கொண்டான். சாப்பாட்டில், உடுப்பில், பனிச்சப்பாத்தில் அவள் ஒரு வித்தியாசமும் வைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அபிசனுக்கு ஒரு மீன்துண்டு விழுந்தால் இவனுக்கும் அதே அளவு துண்டு விழும். அவள் கெட்டவள் அல்ல. பெற்றவள், அவ்வளவுதான்.

அபிசனுக்குப் பத்து வயதில் தாயே சொல்லிவிட்டாள்: "அவன் உன்ர பெரியப்பான்ர பிள்ளை." அதனால் கூப்பிடுகிற முறை ஒன்றும் மாறவில்லை. பெரியப்பாவின் மகனும் அண்ணாதானே. முறை மாறாததால் மற்றவையும் மாறவில்லை என்று துஷாந்தன் நம்பியிருந்தான். இளகிய மனது உள்ளவர்கள் நம்புகிற விதம் அது.

அபிசன் நன்றாகப் படித்துச் சூக் நகரத்தில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தான். ஒருமுறை, தன்னோடு வேலை செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்கு வந்தான். அன்றைக்குத் துஷாந்தன் கிபூர்க் சகோதரரின் கதையைச் சொன்னான். பேர்தோல்டின் சொத்தை அள்ளிக்கொண்டு போன பக்கத்தின் வழியில் வந்தவர்கள், நூறு வருடம் பிந்தி. மூத்தவன் ஹார்ட்மன். இளையவன் ஏபர்ஹார்ட், சொத்துப் பிரியக்கூடாது என்பதற்காக அவனைக் கோயில் உத்தியோகத்துக்கென்று இத்தாலிக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பிவந்து பங்கு கேட்டான். மூத்தவன் அவனைப் பிடித்து அடைத்துவைத்து, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவைத்தான். பிறகு பெரிய மனிதர்கள் இடையில் நின்று சமாதானம் பேசினார்கள். இந்தக் கோட்டையில்தான் பேச்சு. சமாதானத்துக்கு வந்த இடத்தில் வாய் தடித்து, கத்தி உருவி, மூத்தவன் செத்துப்போனான். உடலைக் கோபுரத்திலிருந்து கீழே எறிந்தார்கள் என்றும் சொல்வார்கள். தம்பி அடுத்த வருடமே இந்தக் கோட்டையைப் பேர்ண்காரருக்கு விற்றுவிட்டான். தமையனைக் கொன்றவனுக்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. துணைக்கு விலை கோட்டை.

சூக்கிலிருந்து வந்தவர்கள் ரசித்துக் கேட்டார்கள். அபிசன் மட்டும், "பாகத்தை நேரத்துக்கு எழுதி வைச்சிருந்தால் இந்தப் பிரச்சினை வந்திராது அண்ணா" என்றான். தொழில் புத்தி. எல்லோரும் சிரித்தார்கள், துஷாந்தனும் சிரித்தான்.

போன ஆடியில் சிவலிங்கத்துக்கு ஈரலில் புற்று என்று கண்டுபிடித்தார்கள். தான் தட்டுக் கழுவிய அதே ஆஸ்பத்திரியில், மேலே ஏழாம் மாடியில் படுத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு வந்தால் மூடியைத் திறந்து பார்த்து, "இதை நான் கழுவேல்லை, ஒழுங்காக் கழுவேல்லை" என்பார். தாதிமார் எல்லோருக்கும் அவரைத் தெரியும். துஷாந்தன் கோட்டையைப் பூட்டிவிட்டு ரயில் பிடித்து ஒவ்வொரு நாளும் வந்தான். முகம் வழிப்பது, கால் பிடிப்பது, கஞ்சி பருக்குவது எல்லாம் அவன்தான். அபிசன் சனி ஞாயிறில் வந்தான். வந்தால் டொக்டர்மாரோடு தெளிவாகக் கதைத்தான். இரண்டும் தேவையான காரியங்கள்.

ஒரு பின்நேரம், அறையில் வேறு ஒருவரும் இல்லாதபோது, சிவலிங்கம் அவனுடைய கையைப் பிடித்தார்.

"எனக்கு நீதான் கொள்ளி வைக்கவேணும்."

"ஏன் இப்ப அந்தக் கதை?"

"இப்பத்தான் கதைக்கவேணும். தேப்பனுக்கு மூத்தவன்தான் வைக்கிறது. நீதான் மூத்தவன். எழுத்திலயும் அப்பிடித்தான், எனக்கும் அப்பிடித்தான்."

முப்பத்தெட்டு வயதில் தனக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது என்பது துஷாந்தனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வீடு வளவு எதுவும் அல்ல. ஊர் பார்த்திருக்க அந்த மனிதனுக்கு நெருப்பு வைக்கிறவனாக நிற்கவேண்டும்.

"அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒருக்காச் சொல்லிப் போடுங்கோ அப்பா."

"சொல்லுறன்."

சொல்லவில்லை. இதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. வெளிநாட்டவரை விசாரிக்கிற பொலிசின் முன்னால், பள்ளி ஆசிரியரின் முன்னால், பிரஜாவுரிமைக்கு விசாரித்த கமிட்டியின் முன்னால் 'இவன் என் மூத்த மகன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதன், சொந்த மனைவிக்கும் பெற்ற மகனுக்கும் முன்னால் அதே வசனத்தைச் சொல்லத் தயங்கித் தயங்கி நாளைக் கடத்தினார். அவள் முகம் கோணுமோ என்ற பயம். பிறகு மயக்க மருந்து ஏற்றினார்கள். ஐப்பசி முடிவில், விடிந்து வெளித்த நேரத்தில், போய்விட்டார்.

ஒஸ்டர்முண்டிகனில் இருந்த அவர்களுடைய வீடு ஆட்களால் நிறைந்தது. உடல் சவச்சாலையில் இருந்ததால் வீட்டில் படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும். பேர்ண் பக்கத்துச் சாவீடுகளை முன்னின்று நடத்துகிற தவராஜா வந்தார். ஐயருக்குச் சொல்லி, மண்டபத்துக்கு நேரம் எடுத்து, பானை எங்கே வாங்குவது என்பது வரைக்கும் தெரிந்த மனிதர். சாவீட்டுக் காரியங்களைக் கதைத்து முடித்துவிட்டு, ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, கொள்ளி ஆர் வைக்கிறது?"

குசினி வரைக்கும் பேச்சு நின்றது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததை முதலில் வாயால் சொல்லுகிறவர் யார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துஷாந்தனின் மனைவி லக்சாயினி அவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அபிசன் எழும்பி, "அண்ணா, ஒருக்கா வெளியால வாங்கோ" என்று பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வெளியே குளிர். அபிசன் சுவிஸ் ஜெர்மனில் தொடங்கினான். முக்கியமான விஷயங்களுக்கு அவனுக்கு அதுதான் வரும். சட்டப்படி அண்ணாவும் மகன், பிள்ளைகளின் பங்கில் சரிபாதி அவருக்கு, அதை அவன் மறுக்கவில்லை. ஆனால் ஆட்கள் கதைக்கிறார்கள். பிறகு தமிழுக்கு மாறினான். "கொள்ளி வைக்கிறவருக்குத்தான் உரித்து எண்டு சொல்லுகினம். நீங்கள் வைச்சால், ஊருக்கு முன்னாலயும் நீங்கள்தான் மகன் எண்டு ஆகும். அப்ப நான் ஆர்?"

அபிசனுக்கு இருபத்தொன்பது வயது. துஷாந்தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பனியில் ஓடிய பிள்ளை.

"வீடு எனக்கு வேண்டாம்" என்றான் துஷாந்தன். "ஊர்க் காணியும் வேண்டாம். எல்லாம் உனக்கு எண்டு எழுதித் தாறன். அப்பாவுக்கு நெருப்பு மட்டும் நான் வைக்கிறன். அப்பா என்னட்டைக் கேட்டவர்."

அபிசன் கீழே பஸ் போவதைப் பார்த்தான். "உண்மையாவோ? எல்லாமோ?"

"எல்லாம்."

"சரி அண்ணா. வையுங்கோ."

கை கொடுத்தான். சூக்கில் அப்படித்தான் முடிப்பார்களாக்கும். துஷாந்தன் அவனைக் கட்டிப்பிடித்தான். தான் ஒரு கோட்டையைக் கொடுத்து ஒரு தகப்பனை வாங்கிவிட்டதாகவே அவன் அந்த நேரம் நினைத்தான். சந்தோஷம் என்று சாவீட்டில் சொல்லக்கூடாது. வேறு சொல்லும் இல்லை.

உள்ளே வந்து தவராஜாவுக்குச் சொன்னார்கள். தவராஜா தலையாட்டிக்கொண்டு, "நல்லது, மூத்தவனே வைக்கட்டும்" என்றார்.

சோபாவில் பெண்களுக்கு நடுவில் இருந்த சிவகலா தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது குரல் அடைத்திருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"பெத்த பிள்ளை நிக்க வேற ஆள் வைக்கிறதோ?"

"சின்னம்மா, அப்பா என்னட்டைச் சொன்னவர்."

"என்னட்டைச் சொல்லேல்லை."

"ஆஸ்பத்திரியில வைச்சுச் சொன்னவர். நீதான் மூத்தவன் எண்டு..."

"ஆர் பக்கத்தில நிண்டது?"

ஒருவரும் நிற்கவில்லை. தவராஜா இடையில் புகுந்தார். "தங்கச்சி, ரெண்டு பேரும் சேர்ந்தும் வைக்கலாம். அப்பிடிச் செய்யிறவையும் இருக்கினம்."

"வேண்டாம் அண்ணை. அவர் போற வழி தடுமாறக்கூடாது." அவள் துஷாந்தனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்ததென்று சொன்னால் பொய். பயம்தான் இருந்தது. தன் பிள்ளையின் இடத்தை யாரோ எடுக்கப்போகிறார்கள் என்ற பயம். பயம் வந்தால் மனிதருக்கு என்ன வாயில் வருகிறதென்று தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. "நீ முதல் உன்ர தேப்பனுக்கு ஆர் வைச்சது எண்டு யோசி. அந்த மனிசன் எங்க கிடந்து செத்துதோ. ஒருநாளாவது அவருக்கெண்டு ஒரு விளக்கு வைச்சனியோ? வந்திட்டாய் இஞ்ச கொள்ளி வைக்க."

யாரோ ஒரு பெண் 'சிவகலா' என்று அதட்டினாள். துஷாந்தன் அபிசனைப் பார்த்தான். பல்கனியில் கை கொடுத்தவன் ஒரு சொல் சொல்லுவான் என்று பார்த்தான். அபிசன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீடும் கிடைத்தது, இடமும் கிடைத்தது, அவன் ஏன் வாய் திறக்கப் போகிறான்.

"சரி சின்னம்மா" என்றான் துஷாந்தன். "தம்பியே வைக்கட்டும்."

திரும்பிப் போகிற ரயிலில் லக்சாயினி பொரிந்து தள்ளினாள். "உங்களுக்கு ரோசம் எண்டு ஒண்டு இல்லையோ? பாதி வீட்டைத் தூக்கிக் குடுத்துப்போட்டு, நாய் மாதிரிப் பேச்சு வாங்கிக்கொண்டு வாறியள். இனியும் எழுதிக் குடுக்கப் போறியளோ?"

"சொன்னது சொன்னதுதான்."

"அவன் சொன்னதும் சொன்னதுதானே! அது என்னாச்சு?"

துஷாந்தன் அப்போது வேறொன்றில் அடிபட்டுக்கொண்டிருந்தான். இராஜசிங்கத்தின் முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை. சைக்கிள் பாரில் தான் இருந்தது மட்டும் ஞாபகம். பின்னால் ஒரு நெஞ்சு, வியர்வை மணம். அந்த மனிதனுக்கு ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளை பெயரையும் மாற்றிக்கொண்டு வேறொருவரின் மகனாகி, டியூக்குகளின் சாவையெல்லாம் ஊரறியச் சொல்லுகிறது. பெற்ற தகப்பன் செத்ததை ஒரு விளக்கு வைத்துக்கூடச் சொல்லவில்லை. சின்னம்மா சொன்னது அநியாயம். ஆனால் பொய் அல்ல. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தூன் வரும்வரை அழுதான்.

கிரியைக்கு நல்ல கூட்டம். ஐயர் மந்திரம் சொல்லிச் செய்யவேண்டியதையெல்லாம் மண்டபத்திலேயே செய்வித்தார். தரை நனையக்கூடாதென்று பெட்டியைச் சுற்றி நீலப் பிளாஸ்ரிக் விரித்திருந்தார்கள். அபிசன் வேட்டி கட்டி, மேலில் ஒரு துண்டோடு, குளிரிலும் பயத்திலும் மயிர்க்கூச்செறிந்து நின்றான். அவன் ஒரு செத்தவீட்டிலும் முன்னுக்கு நின்றவன் அல்ல. தண்ணீர்ப்பானையைத் தோளில் வைத்ததும் அது வழுக்கப் பார்த்தது. பின்னால் நின்று கத்தியால் பானையைக் கொத்தி ஓட்டை போடவேண்டிய தவராஜாவுக்குத் தோள்வலி, கை உயரவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அபிசன் மெதுவாகச் சுவிஸ் ஜெர்மனில் சொன்னான்: "அண்ணா, எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

துஷாந்தன் முன்னுக்குப் போனான். கத்தியை வாங்கிக்கொண்டு தம்பியின் பின்னால் நின்றான். "இடப்பக்கமாச் சுத்து. மெல்ல நட. விழாது, நான் பிடிக்கிறன்" என்றான். ஒரு சுற்று, ஒரு கொத்து. பானையிலிருந்து தண்ணீர் பீறிட்டு இரண்டு பேரையும் நனைத்தது. மூன்றாவது சுற்றில் அபிசன் விம்மத் தொடங்கினான். "இப்பப் பின்பக்கமாப் போட்டு உடை" என்றான் துஷாந்தன். பானை தமையனுடைய காலடியில் விழுந்து உடைந்தது.

பிறகு கீழே, உலை இருக்கும் அறை. அங்கே சுவருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அமத்தினால்தான் பெட்டி உள்ளே போகும். ஊழியர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். நெருப்பு வைக்கிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வைக்கக்கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்த்தான் வைக்கவேண்டும். ஐயர் அப்படியே நிற்கச் சொன்னார். அபிசன் திரும்பி நின்று கையைப் பின்னால் நீட்டித் தடவினான். சுவர் அகப்பட்டது, பொத்தான் அகப்படவில்லை. விரல்கள் அலைந்தன. கற்பூரம் எரிந்து முடிந்துகொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை.

துஷாந்தன் போய் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தான். சின்ன வயதில் எழுதப் பழக்கியபோது பிடித்த பிடி. ஆட்காட்டி விரலை எடுத்துப் பொத்தானின் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்தான்.

"அமத்து."

அமந்தது. விரல் அபிசனுடையது. அமத்திய பலம் யாருடையதென்று துஷாந்தனுக்கு இன்றைக்கும் தெரியாது. உலையின் கதவு எழும்பியது, பெட்டி நகர்ந்தது. இரண்டு பிள்ளைகளில் அவன் மட்டும்தான் உலையின் பக்கம் முகம் வைத்து நின்றவன். அப்பா போவதை அவன்தான் பார்த்தான். 'அப்பா' என்று வாய்க்குள் சொன்னான்.

கதவு இறங்கிய பிறகு தம்பியின் நனைந்த தோளில் கை வைத்தான்.

"இனித் திரும்பிப் பார்க்காமல் போ."

"பார்த்தால் என்ன?"

"வைச்சவன் பார்க்கக்கூடாது. வாசல் மட்டும் நேர நட."

அபிசன் நடந்தான். படியேறினான். கண்ணாடிக் கதவைத் தாண்டி, செருப்பைக் கொழுவிக்கொண்டு, தாய் இருந்த காரில் ஏறினான். வாசலைத் தாண்டினால் அந்தக் கட்டுப்பாடு முடிந்துவிடும், திரும்பிப் பார்க்கலாம். துஷாந்தன் ஈரச்சட்டையோடு படியின் மேல் வந்து நின்றுகொண்டிருந்தான். கார் வளைந்து தெருவில் ஏறியபோதும் உள்ளேயிருந்து ஒரு தலையும் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. சூக்கிலிருந்து, சொத்து உறுதி எழுதுகிற நோத்தாரின் கந்தோருக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. போனான். அபிசன் கண்ணைப் பார்க்காமல் கை கொடுத்தான். அங்கே உத்தியோகத்தர் முறைப்படி உரக்க வாசித்தார்: காலஞ்சென்றவரின் மூத்த மகன் துஷாந்தன். மறுத்துச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் வாய் எழவில்லை. துஷாந்தன் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தை வைத்தான்.

வெளியே வந்து குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பான்ர அந்தியேட்டிக் கிரியை எப்ப தம்பி?" என்று கேட்டான்.

அபிசன் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டே, "அது போன ஞாயிறு முடிஞ்சுது அண்ணா" என்றான்.